நம்பர் இல்லாத கவருக்கு நாமே நம்பர் போடுவோம்

('மோட்டார் சைக்கிளுக்குக் காவல் பூட்டா, பழக்கமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ஜார்ஜ்டவுனில் மோட்டார் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் நன்றாகப் பேசினார்கள். சகோதரர் பூட்டு என்றார். தடித்த சங்கிலி, டிஸ்க் லாக், அலாரம் என்று கடைக்காரரைப் போலப் பட்டியலே வாசித்தார். சகோதரி பழக்கம் என்றார். சாவியை எடுங்கள், வெளிச்சத்தில் நிறுத்துங்கள் என்றார். இரண்டும் சரிதான். ஆனால் இருவருமே முழு மோட்டாரையும் தள்ளிக்கொண்டு போகிற திருடனைப் பற்றித்தான் பேசினார்கள். நான் சொல்ல வந்த திருடன் வேறு ஆள். அவனுக்கு உங்கள் மோட்டார் வேண்டாம். மோட்டார் போட்டிருக்கிற சட்டை போதும்.

சைடு கவர், முன் கவர், வால் கவர், கால் மறைப்பு. எல்லாம் சேர்ந்தால் நம் ஊர்ப் பையன்கள் 'கவர் செட்' என்பார்கள். அதை எந்தப் பூட்டு காக்கும்? சங்கிலி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்க் லாக் பிரேக் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். கவரைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ன? நாலு ஸ்குரு, இரண்டு கிளிப், ஒரு ரப்பர் வளையம். பழைய கப்சாய் என்றால் சில சைடு கவருக்கு அந்த ஸ்குருவும் கிடையாது. ரப்பரில் குத்தி நிற்கும், இழுத்தால் வந்துவிடும். ஒரு திருப்புளியும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் வைத்திருப்பவனுக்கு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் போதும். காலையில் நீங்கள் வந்து பார்க்கும்போது பூட்டு அப்படியே இருக்கும். மோட்டார் எலும்புக்கூடாக நிற்கும்.

'பிளாஸ்டிக்தானே, போனால் போகட்டும்' என்று அங்கே ஓர் ஐயா சிரிக்கிறார். ஐயா, உங்களுக்குக் கார் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கப்சாய் ஊர் இது

பினாங்குக்காரனுக்கு மோட்டார் என்பது கால். 1985-இல் முதல் பாலம் திறந்தார்கள், 2014-இல் இரண்டாம் பாலம் திறந்தார்கள். 2019 ஜனவரி முதல் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. 2021-லிருந்து பெர்ரியில் கார் ஏறுவதில்லை. ஆட்களும் இரு சக்கரங்களும் மட்டும்தான். பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் தீவுக்கு வேலைக்கு வருகிறவர், ஆயர் ஈத்தாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மூன்று ஷிப்டுக்கும் போகிறவர், எல்லாரும் நம்பியிருப்பது இந்த வண்டியைத்தான்.

இந்தக் கப்சாய் மலாயாவுக்குள் வந்த கதையும் பினாங்கில்தான் தொடங்குகிறது. சீனாவின் பூக்கியன் மாநிலத்திலிருந்து சிறுவனாக இங்கே வந்து, பஸ் பட்டறையில் எடுபிடியாகத் தொடங்கியவர் லோ பூன் சியூ. 1958-இல் ஜப்பான் போனபோது ஹோண்டா கப் வண்டியைக் கண்டார். அதை இங்கே விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டு வந்தார். அதனால்தான் இன்றும் நம் ஊர்ப் பெரியவர்கள் ஹோண்டாவைப் 'பூன் சியூ ஹோண்டா' என்கிறார்கள். 'கப்' என்ற பெயரோடு சின்னது என்று பொருள்படும் 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆனது.

பட்டறைக்காரன் ஏன் சரித்திரம் பேசுகிறேன்? ஒரு காரணம் இருக்கிறது. அந்த 1958-ஆம் ஆண்டு வண்டியில் ஹோண்டா செய்த முக்கியமான புதுமைகளில் ஒன்று பிளாஸ்டிக் கால் மறைப்பு. ரோட்டுச் சேறும் காற்றும் ஓட்டுகிறவர் மீது படக்கூடாது, எஞ்சினைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கவேண்டும், எடையும் கூடக்கூடாது. அதற்காகப் பாலிஎதிலீனில் வார்த்தார்கள். ஆக, கவர் என்பது வெறும் அலங்காரம் இல்லை. பிறக்கும்போதே வேலையோடு பிறந்தது. பல வண்டிகளில் பேட்டரி, பியூஸ், வயர் முடிச்சு எல்லாம் சைடு கவருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கவர் இல்லாமல் பினாங்கு மழையில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு என் கடைக்கு வாருங்கள். பச்சை பூத்த வயர் முனைகளை நானே காட்டுகிறேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 150 சி.சி. வரையுள்ள மோட்டாருக்கு ரோட் டாக்ஸ் வருடத்துக்கு 2 வெள்ளி. ஏழைகள் ஓட்டுகிற வண்டி என்று அரசாங்கமே அப்படி வைத்திருக்கிறது. ஆனால் ஒய்15 மாதிரி வண்டிக்கு ஒரிஜினல் கவர் செட் முழுதாக வாங்கப்போனால் சில நூறு வெள்ளி. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி. 200 வெள்ளிக் கவர் போனால் மூன்று நாள் கூலி போச்சு. இன்சூரன்ஸ் கொடுக்காதா என்று கேட்பார்கள். நம்மில் பெரும்பாலோர் கப்சாய்க்கு எடுத்திருப்பது மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ். நீங்கள் அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்கு அது கொடுக்கும். உங்கள் கவருக்கு ஒரு காசும் கொடுக்காது.

'உன்னுடையது என்று எப்படிச் சொல்கிறாய்?'

இரவு ஷிப்டுக்குப் போகிற அக்கா ஒருவர் என் வாடிக்கையாளர். பிளாட்டில் கீழே நிறுத்திய வண்டியின் இரண்டு சைடு கவரும் முன் கவரும் ஒரே இரவில் போய்விட்டன. சிவப்பு நிறம். நாலு நாள் கழித்து, அதே பிளாட்டில் அடுத்த புளோக்கில் ஒரு வண்டியில் அதே சிவப்புக் கவரைப் பார்த்துவிட்டார். வண்டி வேறு, கவர் மட்டும் இவருடையது. எனக்குப் போன் போட்டார். 'அண்ணே, என் கவர்தான். எனக்குத் தெரியும் அண்ணே.'

அந்த வண்டிக்காரப் பையனிடம் போய்க் கேட்டோம். அவன் சண்டைக்கு வரவில்லை. அமைதியாக ஒரே கேள்விதான் கேட்டான். 'அக்கா, இது உங்களுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?'

அவர் வாயடைத்துப் போய் நின்றார். நானும்தான். என்ன சொல்வது? ஒரே அச்சில் வார்த்த கவர். ஒரே சிவப்பு. கீறல் கூட இல்லை, பாவம், அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பையன் திருடினானா, தெரியாமல் எங்கோ வாங்கினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த அதிகாரி வந்திருந்தாலும் அன்றைக்கு எங்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மோட்டாருக்கு எஞ்சின் நம்பர் இருக்கிறது, சேசிஸ் நம்பர் இருக்கிறது. இரண்டும் பதிவேட்டில் இருக்கின்றன. முழு வண்டியைத் திருடினவன் அந்த நம்பர்களுக்குப் பயப்படவேண்டும். கவருக்கு என்ன நம்பர் இருக்கிறது? உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஏதோ எழுத்தும் எண்ணும் வார்த்திருக்கும். ஆகா, நம்பர் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அது அந்த மாடலின் அச்சு எண்ணும் பிளாஸ்டிக்கின் வகையும். அதே மாடல் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் அதே எண்தான். பெயர் இல்லாத பிள்ளை மாதிரி. யார் தூக்கிக்கொண்டாலும் அவர் பிள்ளை.

திருடனுக்கு இது நன்றாகத் தெரியும். முழு மோட்டாரையும் எடுத்தால் ஒளித்து வைக்க இடம் வேண்டும், நம்பர் அழிக்கவேண்டும். கவரை எடுத்தால் ஒரு குப்பைப் பை போதும்.

வாங்குகிறவர் யார்?

திருடினவன் அந்தக் கவரைச் சாப்பிடப் போகிறானா? விற்கிறான். யாரிடம்? நம்மிடம்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பழைய ஆட்களுக்கு ரோப் வாக் சந்தை நினைவிருக்கும். மலாயில் ஜாலான் பிந்தால் தாலி. பழைய சாமான் கடைகள் நிறைந்த அந்தத் தெருவைத் 'திருட்டுச் சந்தை' என்றே ஊரார் கேலியாகச் சொல்வார்கள். அங்கே விற்றதெல்லாம் திருட்டுப் பொருள் என்று நான் சொல்லவில்லை. பாவம், நேர்மையாகப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நாம் வாங்கினோம் பாருங்கள், அதுதான் விஷயம். இன்று தெருவுக்கே போகவேண்டாம். படுக்கையில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் 'கவர் செட், இடது பக்கம் மட்டும், 40 வெள்ளி' என்று பார்த்து வாங்கலாம். இடது பக்கம் மட்டும் ஒருவனிடம் எப்படி மிச்சமானது என்று யாரும் கேட்பதில்லை. விபத்தில் வலது பக்கம் உடைந்திருக்கலாம். உண்மைதான், அப்படியும் உண்டு. கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆர்எக்ஸ்இசட் வைத்திருக்கிற தம்பிகளுக்கு இது இன்னும் கடுமை. அந்த வண்டி நம் நாட்டில் 2011-க்குப் பிறகு வரவில்லை. ஒரிஜினல் கவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காத பொருளுக்கு விலை ஏறும், விலை ஏறினால் கை நீளும்.

என் கடைக்கே வருவார்கள். சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் பையோடு ஒரு பையன் வருவான். 'தவுக்கே, கவர் இருக்கு, எவ்வளவு கொடுப்பீங்க?' தமிழ்ப் பையன் என்றால் 'அண்ணே' என்பான். வயது பதினெட்டு, பத்தொன்பது. நான் வாங்குவதில்லை. வாங்கமாட்டேன் என்று சொல்லி அனுப்புவதோடு நிறுத்தாமல் உட்காரவைத்து ஒரு விஷயம் சொல்வேன். அதை இங்கேயும் சொல்கிறேன், பெற்றோர்கள் கவனமாகக் கேளுங்கள்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 379ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மோட்டார் வாகனத்தையோ, அதன் எந்தவொரு பாகத்தையோ திருடினால் என்ன தண்டனை என்று அது சொல்கிறது. பாகம் என்றால் டயரும் அதில் அடக்கம், துணைச் சாமான்களும் அடக்கம். தண்டனை என்ன தெரியுமா? குறைந்தது ஓராண்டு சிறை. அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதமும் போடலாம். 'குறைந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கவர் 40 வெள்ளி என்பதால் சட்டம் ஓராண்டைக் குறைத்து எழுதி வைக்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குச் சிறுவர் நீதிமன்றம் தனி. அதைத் தாண்டிய பையனுக்கு, கூட்டாளிகளோடு விளையாட்டாகக் கழற்றினேன் என்ற பேச்சு எடுபடாது.

வாங்கினவனுக்கும் உண்டு. 411-ஆம் பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொண்டால் குற்றம். அந்தப் பொருள் வாகனமோ வாகனத்தின் பாகமோ என்றால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு. என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு 1946-ஆம் ஆண்டிலிருந்தே பழைய பொருள் வணிகர் சட்டமும் இருக்கிறது. பழைய சாமான் வாங்கி விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும், யாரிடம் வாங்கினோம் என்று புத்தகத்தில் எழுதவேண்டும்.

நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். ஒரு கவருக்காக ஒரு பையனின் பெயரில் குற்றப்பதிவு விழுந்தால், பிறகு எந்தத் தொழிற்சாலையில் வேலை கேட்பான்? பாதுகாவலர் வேலைக்குக் கூடப் பதிவு பார்க்கிறார்கள். நாம் 40 வெள்ளிக்கு வாங்கத் தயாராக இருப்பதால்தானே அவன் கழற்றுகிறான்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் கார் திருடர்கள் காரைத் திருடி அப்படியே விற்பதில்லை. பிரித்துக் கதவாக, பானட்டாக, மட்கார்டாக விற்றார்கள். 1984-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதிகம் திருட்டுப் போகிற கார் வகைகளுக்கு எஞ்சின், கியர் பெட்டி மட்டுமல்ல, கதவு, பானட், மட்கார்டு, பம்பர் மீதும் காரின் அடையாள எண்ணைப் போடவேண்டும் என்றார்கள். தகரத்துக்கும் பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 2012 செப்டம்பர் முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு மைக்ரோடாட் கட்டாயம். மணலைவிடச் சின்னப் புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் வண்டியின் எண் இருக்கும்; ஆயிரக்கணக்கில் தெளித்துவிடுவார்கள்.

இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டியது, நமக்கு எங்கே வரப்போகிறது என்று நினைப்பீர்கள். அப்படியானால் நைரோபியைப் பாருங்கள். கென்யாவின் தலைநகரம். அங்கே கார்க் கண்ணாடி திருடுவது பெரிய தொல்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பக்கக் கண்ணாடியிலும் விளக்கிலும் தங்கள் வண்டி நம்பரைச் செதுக்கிக்கொண்டார்கள். இதை ஒரு சின்னத் தொழிலாகவே தெருவோரத்தில் செய்து கொடுக்கிறார்கள். நம்பர் செதுக்கிய கண்ணாடியை வேறு காரில் மாட்டினால் பார்க்கிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

நமக்கு ஏற்றது இந்த நைரோபி வைத்தியம்தான். செலவு அதிகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

எப்படிச் செய்வது?

முதலில் கவர்களைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். ஒவ்வொரு கவருக்கும் உள்பக்கம் பாருங்கள். தடிப்பான இடமாகத் தேர்ந்தெடுங்கள். கிளிப் முளைத்திருக்கிற இடம், ஸ்குரு ஓட்டையைச் சுற்றியுள்ள இடம் வேண்டாம். அங்கே செதுக்கினால் விரிசல் ஓடும். சின்ன மின்சாரச் செதுக்குப் பேனா இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும். அது இல்லையென்றால் வயர் பற்றவைக்கிற சூட்டுக்கோலால் எழுதலாம். சூட்டுக்கோல் என்றால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மார்க்கர் பேனாவை நம்பாதீர்கள். தின்னர் தொட்டுத் துடைத்தால் ஓடிப்போகும்.

என்ன எழுதுவது? வண்டிப் பதிவு நம்பர். அடையாள அட்டை நம்பரை எழுதாதீர்கள், போன் நம்பரும் வேண்டாம். கவர் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. உங்கள் அந்தரங்க நம்பர் அவன் கையில் எதற்கு? நாளை வண்டியை விற்றாலும் பதிவு நம்பர் வண்டியோடு போகும், வாங்கினவருக்கும் அது காவலாக இருக்கும்.

ஒரு கவருக்கு இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்று கழற்றினவுடன் கண்ணில் படவேண்டும். மற்றது மடிப்புக்குள், எளிதில் தெரியாத மூலையில். முதல் நம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பவன் இரண்டாவதைத் தேடமாட்டான். வெளியேயும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள், 'எல்லாக் கவரிலும் நம்பர் உண்டு' என்று. அழகு போய்விடும் என்று தம்பிகள் சொல்வார்கள். தம்பி, நீ ஒட்டியிருக்கிற பதினைந்து ஸ்டிக்கரோடு இது பதினாறாவது.

எழுதியதும் கைப்பேசியில் படம் எடுங்கள். முழு வண்டி, நாலு பக்கமும். பிறகு ஒவ்வொரு கவரின் உள்பக்கம், நம்பர் தெரியும்படி. வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் படங்களை அனுப்பி வையுங்கள்.

ஸ்குருவை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். நடுவில் முள் வைத்த நட்சத்திரத் தலை ஸ்குரு விற்கிறது, சாதாரணத் திருப்புளி ஏறாது. போடலாம். ஆனால் அதற்குரிய சாவியும் அதே கடையில்தான் விற்கிறது. அது திருடனைத் தாமதப்படுத்தும், தடுக்காது. என் கணக்கில் அதற்கு இரண்டாவது இடம்தான்.

திருடாமலே போகிற கவர்

இன்னொன்று, பாதிப் பேர் திருடிவிட்டான் என்று வருகிறார்கள். பார்த்தால் கவர் தானாக விழுந்திருக்கிறது! பாலத்தில் காற்று அடிக்கிறது, வேகத்தடையில் குதிக்கிறோம், ஏற்கெனவே ஒரு கிளிப் உடைந்திருக்கிறது. வெயிலில் வருடக்கணக்கில் நிற்கிற பிளாஸ்டிக் வறண்டு முறுகிப் போகும். முதலில் உடைவது கிளிப்தான். சைடு கவர் நிற்கிற ரப்பர் வளையம் இறுகிப்போனால் பிடிப்பு போய்விடும். அந்த ரப்பர் சில வெள்ளிதான். மாற்றுங்கள்.

இதில் என் தொழில்காரர்களையும் சொல்லவேண்டும். ஆறு ஸ்குரு கழற்றி நாலு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது கவரைக் கையால் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். எந்த நல்ல மெக்கானிக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார். தட்டில் ஸ்குரு மிச்சம் இருக்கிறதா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்குரு கழன்றுவிடுகிறது என்று சிலர் எஞ்சின் நட்டுக்குப் போடுகிற பூட்டுப் பசையை, லாக்டைட் மாதிரி திரவத்தை, கவர் ஸ்குருவுக்கும் போடுகிறார்கள். போடாதீர்கள். அது இரும்புக்கு இரும்பு இறுகுவதற்குச் செய்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடம் நாளடைவில் வெடித்து விரிசல் விடும். அதற்குப் பதில் ஸ்குருவுக்கு அடியில் ஒரு நைலான் வாஷர் போடுங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். கை நின்ற இடத்திலிருந்து கொஞ்சம், அவ்வளவுதான்.

உடைந்த கவரைத் தூக்கி எறியாதீர்கள். உள்பக்கம் ஏபிஎஸ் என்று இருந்தால் பற்றவைத்து ஒட்டலாம், நன்றாக நிற்கும். பிபி என்று இருந்தால் சாதாரணப் பசை பிடிக்காது, சூடு வைத்து இணைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நிறுத்துகிற இடம் பற்றிச் சகோதரி நிறையச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோம். எங்கெல்லாம் இடமோ அங்கெல்லாம் மோட்டாரை விட்டுவிட்டு இரவெல்லாம் ரதத்தோடு நடக்கிறோம். நாலைந்து பேர் சேர்ந்து போனால் வண்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கி நிறுத்துங்கள், கவரும் கவரும் ஒட்டினாற்போல. ஸ்பானர் நுழைய இடம் இருக்காது. வீட்டில் என்றால் துணி உறை போட்டு மூடுங்கள். என்ன வண்டி, என்ன நிறம் என்று தெரியாமல் இருப்பதே பாதிக் காவல்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். கவர் போனவர்கள் என்ன செய்யவேண்டும்? போலீஸ் புகார் கொடுங்கள், சின்னப் பொருள் என்று விடாதீர்கள். நம்பர் படத்தையும் காட்டுங்கள். பக்கத்து மோட்டார் கடைகளுக்கு அந்தப் படத்தை அனுப்புங்கள்; எங்களுக்குள் பேச்சு வேகமாகப் போகும். பேட்டரியும் வயரும் வெளியே தெரிந்தால் கவர் வரும்வரை கனமான பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் படாமல். அவசரத்தில் அதே நிறக் கவரைக் கைப்பேசியில் மலிவாகத் தேடப் போகாதீர்கள். தேடினால், உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்கிறவர் அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். அனுப்பிய படத்தில் யாராவது ஒருவரின் வண்டி நம்பர் தெரிந்தால், அந்தப் படத்தோடு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள்.

அந்த அக்காவுக்கு என் கடையில் புதுக் கவர் மாட்டினோம். மாட்டுவதற்கு முன்னால் அவரே செதுக்குப் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. 'பரவாயில்லை அண்ணே, என் கையெழுத்து எனக்குத் தெரியும்' என்றார்.